பழைய பேஸ் கிட்டாரும் பொருளின் தன்னியல்பும்

பழைய மின்சார பேஸ் கிட்டார் ஒன்றைச் சீரமைக்கும்போது, தொலைந்த அல்லது பழுதான பாகத்துக்கு ஈடாக, அந்தக் கிட்டார் செய்யப்பட்ட ஆண்டுகளில் அதே தொழிற்சாலை பயன்படுத்திய அதே வகைப் பாகத்தைத் தேடிப் பொருத்துவது காலப்பொருத்தமுள்ள சீரமைப்பு எனப்படும். 1963இல் செய்த கிட்டாருக்கு 1963இன் திருகாணி, அக்காலத்து கெபாசிட்டர், அக்காலத்து லாக்கர் பூச்சு என்று வேலை நடக்கும். வேலை முடிந்தபின் இருப்பது அதே பழைய கிட்டார்தானா, பழையதைப் போன்ற வேறொன்றா என்ற கேள்வி அப்போது எழுகிறது. பாகங்கள் மாறியும் பொருள் மாறாமல் இருக்க முடியுமா, முடியுமென்றால் மாறாமல் நிற்பது எது என்று இந்தியத் தத்துவ மரபுகளும் கிரேக்க மரபும் நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றன. அந்த வாதங்களைச் சோதித்துப் பார்க்கப் பழைய பேஸ் கிட்டார் மிகப் பொருத்தமான பொருள். அதன் அமைப்பே அதற்குக் காரணம்.

கருவியின் அமைப்பு

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் பெருமளவில் விற்பனையான முதல் மின்சார பேஸ் கிட்டார். அதன் தந்தி நீளமான 34 அங்குலம் இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவாக உள்ளது. 1957இல், தந்தியின் அதிர்வை மின்குறிகையாக்கும் அதன் பிக்அப் இரண்டாகப் பிளந்த வடிவம் பெற்றது. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. காலப்பொருத்தம் பற்றிய அக்கறையின் பெரும்பகுதி இந்த எல்லைக்கோட்டிலிருந்து பிறந்தது.

ஃபெண்டர் கருவியில் கழுத்தும் உடலும் ஒட்டப்படுவதில்லை. நான்கு திருகாணிகள் அவற்றை இணைக்கின்றன. பழுதான பாகத்தைக் கழற்றி மாற்றுவது எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டது. கருவியின் வரிசை எண்ணும் அந்தக் காலத்தில் அந்த நான்கு திருகாணிகள் தாங்கும் உலோகத் தகட்டில்தான் பொறிக்கப்பட்டது. அடையாளத்தைச் சொல்லும் எண்ணே எளிதில் கழன்று வேறொரு கருவிக்குப் போகக்கூடிய பாகத்தில் இருக்கிறது. ஆகவே வல்லுநர்கள் எண்ணை மட்டும் நம்புவதில்லை. கழுத்தின் அடிப்பகுதியில் இடப்பட்ட தேதி, ஒலியளவுக் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் குறியீடு, பற்றாசு வைத்த இடத்தின் பழமை, திருகாணித் துளைகளின் பொருத்தம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பொட்டென்ஷியோமீட்டரின் குறியீட்டில் தயாரிப்பாளரின் எண்ணும், ஆண்டும், வாரமும் இருக்கும். அதுவும் அந்தப் பாகத்தின் தேதியையே சொல்லும், கிட்டாரின் தேதியைச் சொல்லாது. 1966இல் மொத்தமாக வாங்கிய பொட்டென்ஷியோமீட்டர்கள் அடுத்து வந்த ஆண்டுகளின் கருவிகளிலும் பொருத்தப்பட்டன. 1968இன் கிட்டாரில் 1966இன் பாகம் இருந்தால், அது பிறவியிலேயே இருந்ததாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டு 1968இன் பாகத்தை வைப்பவர், சரியானதை நீக்கித் தவறானதை வைத்தவராவார்.

பாகங்களை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம். தந்தி, ஃப்ரெட், நட் ஆகியவை வாசிக்க வாசிக்கத் தேய்பவை. அவற்றை மாற்றுவதால் கிட்டார் மாறிவிட்டதாக எவரும் கருதுவதில்லை. பொட்டென்ஷியோமீட்டர், கெபாசிட்டர், பிக்அப்பின் சுருள் ஆகியவை பழுதாகக்கூடியவை, ஆனால் ஒலியின் குணத்தில் பங்குள்ளவை. உடல், கழுத்து, மேற்பூச்சு ஆகியவை கருவியின் உருவத்தையே தாங்குபவை. இரண்டாம் நிலையில்தான் சிக்கல் நுட்பமாகிறது. பிக்அப்பின் சுருள், முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியது. ஈரமும் வியர்வையும் அரித்து ஓரிடத்தில் கம்பி அறுந்தால் ஒலி நின்றுவிடும். பழைய காந்தங்களையும் பழைய தட்டுகளையும் வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் புதிதாகச் சுற்றினால் அது பழுதுபார்த்தலா, மாற்றுதலா? வேறொரு கிட்டாரிலிருந்து எடுத்த, அதே ஆண்டின் அறுபடாத பிக்அப்பைப் பொருத்தினால் அது மேலானதா, கீழானதா? அளவுக்கருவியாலும் காதாலும் மட்டும் இந்தக் கேள்விகளுக்கு விடை காண முடியாது.

மூன்று மரபுகளின் விடை

இந்திய மரபுகளில் வைசேடிகர் கடுமையான விடை தருகிறார்கள். அவர்கள் கருத்தில் முழுப்பொருளான அவயவி, தன் பாகங்களான அவயவங்களிலிருந்து வேறான ஒன்று. அவயவங்கள் சேர்வதால் அது பிறக்கிறது. ஓர் அவயவம் பிரிந்தால் அந்த அவயவி அழிகிறது. மீண்டும் ஒன்று சேர்ந்தால் புதிய அவயவி தோன்றுகிறது. இதன்படி ஒரு திருகாணியை மாற்றினாலும் முன்னிருந்த கிட்டார் இல்லை. இந்த விடைக்குத் தெளிவு உண்டு. ஆனால் ஒரே கருவியை முப்பது ஆண்டு வாசித்தேன் என்று ஓர் இசைஞர் சொல்லும் சொல்லுக்கு இதில் இடமில்லை.

பௌத்தர் எதிர்த்திசையில் போகிறார்கள். மிலிந்த மன்னனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலாக வழங்கும் மிலிந்தபஞ்ஹாவில், மன்னன் ஏறிவந்த தேரைக் காட்டி நாகசேனர் கேட்கிறார்: அச்சா தேர், சக்கரமா, நுகமா? எதுவும் இல்லை. பாகங்கள் குறித்தபடி கூடியிருக்கும்போது வழக்கத்துக்காக இடப்படும் பெயரே தேர். பொருள்கள் கணந்தோறும் மாறும் தொடர்ச்சிகள் என்ற இந்தப் பார்வையில், கிட்டாருக்குள் மாறாத ஒன்றைத் தேடுவதே வீண். இது பற்றைத் தளர்த்தும். ஆனாலும் போலியை விற்பவரையும் உண்மையானதை விற்பவரையும் வேறுபடுத்திக் காட்ட, இதற்கு மேலும் ஓர் அளவுகோல் வேண்டும்.

சமணர் இரண்டையும் இணைக்கிறார்கள். எப்பொருளிலும் தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒருங்கே உண்டு என்பது அவர்கள் கொள்கை. சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சை என்ற நூலில் இதைப் பொற்குடத்தைக் கொண்டு விளக்குகிறார். குடத்தை உருக்கி முடி செய்தால் குடம் வேண்டியவர் வருந்துவார், முடி வேண்டியவர் மகிழ்வார், பொன் வேண்டியவர் இரண்டுமின்றி இருப்பார். ஒரே நிகழ்ச்சியில் மூன்றும் உண்மை. பழைய கிட்டாரின் வெடித்த பூச்சைச் சுரண்டிப் புதுப் பூச்சு இடும்போதும் இதுவே நடக்கிறது. சேகரிப்பவர் வருந்துகிறார், மேடைக்கு அழகான கருவி கேட்டவர் மகிழ்கிறார், ஒலியை மட்டும் கேட்பவருக்கு எதுவும் போகவில்லை. எந்த நோக்கில் பார்க்கிறோம் என்று சொல்லாமல் 'அதே பொருளா' என்று கேட்பது அரைக் கேள்வி என்பதை இந்த மரபு உணர்த்துகிறது.

பொது இயல்பும் தன்னியல்பும்

முடிவைத் தெளிவாக்கும் வேறுபாடு தமிழ்ச் சைவ சித்தாந்த நூலிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் பொருளின் இயல்பை இரண்டாக வகுக்கிறார். பிற சாதியிலிருந்து, அதாவது வேறு வகைப் பொருளிலிருந்து விலகி, தன் சாதியோடு ஒத்து நிற்பது பொது இயல்பு. பிற சாதியிலிருந்தும் தன் சாதியிலிருந்துமே விலகித் தனித்து நிற்பது தன்னியல்பு.

காலப்பொருத்தமுள்ள பாகம் மீட்டுத் தருவது பொது இயல்பை. 1963இன் கெபாசிட்டரைப் பொருத்தினால், அந்தக் கிட்டார் 1963இன் மற்றப் பிரிசிஷன் பேஸ்களோடு மீண்டும் ஒத்துப்போகிறது. தொலைந்துபோன கெபாசிட்டர் அந்த ஒரு கிட்டாரில் அறுபது ஆண்டு இருந்தது என்ற வரலாறு இதனால் திரும்பாது. புதிதாக வந்த பாகம் எவ்வளவு பழையதானாலும் அதன் அறுபது ஆண்டு வேறோர் இடத்தில் கழிந்தது. அதே வகைப் பாகம் என்பதும் அதே பாகம் என்பதும் ஒன்றல்ல. சந்தையில் இவ்விரண்டும் கலந்து பேசப்படுவதால்தான் சச்சரவுகள் பிறக்கின்றன.

இந்த வேறுபாட்டின் கூர்மையை ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் 1655இல் வெளிவந்த தம் நூலில் கண்டார். ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைக் காத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்ததைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருந்தார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று ஹாப்ஸ் கேட்டார். கிட்டார் சந்தையில் இது கற்பனைக் கேள்வி அல்ல. முழுக் கருவியாக விற்பதைவிடக் கழுத்து, உடல், பிக்அப், தகடு என்று பிரித்து விற்றால் அதிகம் கிடைக்கும் நிலை வரும்போது, பழைய கிட்டார்கள் பிரிக்கப்படுகின்றன. ஒரு கருவியைக் காலப்பொருத்தத்தோடு முழுமையாக்க, அதே காலத்துக் கருவி வேறொன்று குலைகிறது. பொது இயல்பைத் தேடும் ஆசை ஒரு தன்னியல்பை அழிக்கக்கூடும். சீரமைப்பின் அறம் இங்கிருந்து தொடங்குகிறது.

தழும்பே சான்று

லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி தன்னியல்பு எங்கே தங்குகிறது என்பதைக் காட்டுகிறது. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் 500/1 பேஸ், பீட்டில்ஸின் தொடக்கப் பதிவுகளில் ஒலித்தது. 1972 அக்டோபரில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் வாகனத்திலிருந்து அது திருடுபோனது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், பொதுமக்களிடம் தகவல் கேட்டு நடந்த தேடலின் பயனாகக் கண்டெடுக்கப்பட்டு அவரிடம் திரும்பியது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது. வாங்கிய சில ஆண்டுகளிலேயே அந்தக் கருவிக்கு மறுபூச்சு இடப்பட்டிருந்தது. பிக்அப்கள் இரண்டும் ஒரே மரச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன. தொழிற்சாலையின் அசல் நிலை அதுவல்ல. அதனாலேயே அவை அந்த ஒரு கருவியை மற்ற 1961 ஹோஃப்னர்களிலிருந்து பிரித்துக் காட்டும் தடயங்களாயின. இடையில் யாரேனும் காலப்பொருத்தம் கருதி அதை 1961இன் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிருந்தால், வகை மீண்டிருக்கும், கருவி மறைந்திருக்கும்.

பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஜாஸ் பேஸும் இதையே சொல்கிறது. 1962இன் கருவி என வழங்கும் அதன் ஃப்ரெட்கள் நீக்கப்பட்டன. விரற்பலகை மேல் படகுகளுக்குப் பூசும் எப்பாக்சி பூசப்பட்டது. பாடுவது போன்ற அதன் ஒலி, தொழிற்சாலை செய்ததை மீறிய இந்த மாற்றத்தில் பிறந்தது. அதற்கு 1962இன் ஃப்ரெட்களை மீண்டும் அடிப்பது சீரமைப்பு ஆகாது.

தமிழகத்தின் பத்தூர் நடராசர் வழக்கும் லண்டனில் நடந்ததே. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த அந்தச் செப்புத் திருமேனி வெளிநாடு போய், ஒரு கனடிய நிறுவனம் வாங்கியபின், லண்டனில் காவல்துறையால் கைப்பற்றப்பட்டது. அதே புதையலில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு, அதில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் ஆராயப்பட்டன. 1988இல் விசாரணை நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தமிழகத் தரப்புக்குத் தீர்ப்பளித்தன. அழகு கருதி முழுதாகத் துலக்கியிருந்தால் அந்தத் தடம் போயிருக்கும். பழைய கிட்டாரின் பூச்சில் உள்ள கைத்தேய்வும், உட்குழியிலுள்ள பற்றாசுத் துளியும் இதே தகுதியுடையவை. அவை அழுக்காகத் தோன்றும் சான்றுகள்.

ஆகமம் வகுத்த வரிசை

சிதைந்ததைப் புதுப்பிப்பதற்கு ஆகம மரபில் ஜீர்ணோத்தாரணம் என்ற தனி விதியே உண்டு. திருப்பணி தொடங்குமுன் இறைசக்தியைத் திருமேனியிலிருந்து கும்பத்துக்கு மாற்றுவர். தற்காலிகச் சன்னிதியான பாலாலயத்தில் வழிபாடு இடையறாது நடக்கும். திருப்பணி முடிந்தபின் குடமுழுக்கில் சக்தி மீண்டும் மூலத் திருமேனிக்கு வரும். திருமேனியின் சிற்றுறுப்பு பழுதானால் செப்பனிடலாம், பேருறுப்பு உடைந்தால் புதிய திருமேனி செய்யவேண்டும் என்று நூல்கள் தரம் பிரிக்கின்றன. பூரி சகந்நாதர் கோயிலில் மரத் திருமேனிகளே புதிதாகச் செய்யப்படுகின்றன. 2015இல் நவகளேபரம் என்ற பெயரில் நடந்த அந்தப் புதுப்பித்தலில் பழைய திருமேனியின் உள்ளிருந்த பிரம்மப் பொருள் புதியதற்கு மாற்றப்பட்டது.

இந்த மரபில் பொருளின் தொடர்ச்சியைத் தாங்குவது மரமோ கல்லோ அல்ல. ஒரு நாளும் அறாத வழிபாட்டு உறவே அதைத் தாங்குகிறது. கிட்டாரில் எழுந்தருளும் தெய்வம் இல்லை. ஆகவே அதை அப்படியே பொருத்தக் கூடாது. எனினும் இரண்டு பாடங்கள் பொருந்தும். முதலாவது, சிறு பழுதுக்கும் பெரும் பழுதுக்கும் ஒரே தீர்வு கூடாது. பழுதுபார்க்க முடியும்வரை மூலப் பாகத்தை மாற்றக் கூடாது. இரண்டாவது, பணி என்பது ஒரு பொறுப்பு. எது எடுக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று அனைவரும் அறியவே அது நடக்கவேண்டும். இந்தப் பொறுப்பு தவறியபோது கோயில்களுக்கே கேடு வந்தது. மணலை வேகமாக வீசிக் கற்களைத் தூய்மை செய்த இடங்களில் உளித்தடமும் கல்வெட்டெழுத்தும் மங்கின. கல் புதிதாகத் தெரிந்தது, அதில் இருந்த சொல் போயிற்று.

நோர்பரியின் வீடுகள்

இதே கேள்வி தென் லண்டனின் நோர்பரியில் வீட்டு அளவில் நிற்கிறது. குரொய்டன் மாநகரப் பிரிவில், ஸ்ட்ரெத்தத்துக்கும் தோர்ன்டன் ஹீத்துக்கும் நடுவே, லண்டன் வீதி ஊடறுத்துச் செல்லும் இந்தப் பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் ஈழத்தமிழர் பலர் வாழ்கின்றனர். நகர எல்லைக்கு வெளியிலும் வீடு கட்ட 1900ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தபின், லண்டன் கவுண்டி மன்றம் அவ்வாறு கட்டிய முதல் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒன்று நோர்பரியில் எழுந்தது. செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் மரச் சன்னலும் கொண்ட அந்தக் குடியிருப்பு இன்று பாதுகாக்கப்பட்ட பகுதி. இத்தகைய பகுதிகளை அறிவிக்கும் முறையை பிரிட்டனில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது.

நூறாண்டு தாண்டிய சன்னல் உளுத்தால் பிளாஸ்டிக் சன்னல் வைப்பதா, அதே அளவில் மரச் சன்னல் செய்வதா? பாதுகாப்பு நெறி மரத்தை விரும்பும். காரணம், ஒரு வீடு தன் வரிசையிலுள்ள மற்ற வீடுகளோடு ஒத்து நின்றால்தான் அந்தத் தெருவின் பொது இயல்பு நிலைக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வரலாறும் உண்டு. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அதில் வாழ்ந்திருக்கின்றன. வீட்டை முதல் நாளின் நிலைக்கே திருப்ப நினைப்பது அந்த வாழ்வைத் துடைப்பதாகும். 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது எதிர்த்தது இதைத்தான். ஒரு காலத்தைத் தேர்ந்து மற்றக் காலங்களை அழிக்கும் புதுப்பித்தல் அவருக்கு அழிவாகவே தோன்றியது. அவர் முன்வைத்தது அன்றாடக் கவனிப்பு: ஒழுகும் இடத்தை அடைத்தல், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்தல். இதே நெறியைக் கிட்டாருக்கும் கொள்ளலாம்.

வாய்மையின் கடமை

பொது இயல்பும் தன்னியல்பும் மோதும்போது எதைக் காப்பது? பொது இயல்பை இன்னொரு கருவியிலும் காணலாம், வேண்டுமானால் புதிதாகவும் செய்யலாம். தன்னியல்பு போனால் எந்த விலைக்கும் திரும்பாது. ஆகவே தன்னியல்புக்கே முதலிடம். இதிலிருந்து நடைமுறைக் கடமைகள் பிறக்கின்றன. வேலை செய்யும் மூலப் பாகத்தைக் காலப்பொருத்தம் கருதி நீக்கக் கூடாது. அறுந்த சுருளைச் சுற்றுவது போதுமானால் பிக்அப்பை மாற்றக் கூடாது. கழற்றிய பாகத்தை எறியாமல் கிட்டாரோடு உறையிலிட்டு வைக்கவேண்டும். பழைய துளையைப் பெரிதாக்காமல், பின்னொருவர் மீட்டெடுக்கத்தக்க முறையில் புதிய பாகத்தைப் பொருத்தவேண்டும். முழுக் கருவியைக் குலைத்து எடுத்த பாகத்தை வாங்குவதைவிட, அதே முறையில் இன்று செய்த பாகத்தை அதன் தேதியோடு பொருத்துவது மேல். எது, எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்று எழுதி வைக்கவேண்டும்.

இந்தக் கடைசிக் கடமைதான் மற்றவற்றுக்கு உயிர். ஃபெண்டர் நிறுவனமே 1995 முதல் புதிய கருவிகளில் தேய்வையும் கீறலையும் செயற்கையாக உண்டாக்கி விற்றுவருகிறது. வாங்குபவர் அறிந்தே வாங்குவதால் அங்கே பொய் இல்லை. அதே தேய்வைப் புதுப் பூச்சில் உண்டாக்கிப் பழைய கிட்டாரில் வைத்து, கேட்டால் சொல்லாமல் இருப்பவர் பொய் செய்கிறார், வாய் திறக்காதபோதும். திருக்குறள் வாய்மையைப் பிறர்க்குத் தீமை விளைக்காத சொல்லாகக் கொள்கிறது. அந்த அளவில் பார்த்தால் தீமை விளைக்கும் மௌனமும் வாய்மைக்கு எதிரானதே. அந்த மௌனத்தால் அடுத்து வாங்குபவர் மட்டும் ஏமாறுவதில்லை. பின்வரும் ஆய்வாளரும், அந்தக் காலத்துக் கைவினைஞர் உண்மையில் எப்படிச் செய்தார் என்று கற்க விரும்பும் மாணவரும் ஏமாறுகிறார்கள்.

பாகங்கள் மாறிய கிட்டார் அதே கிட்டாராக இருக்க முடியும். வைசேடிகர் கேட்கும் அளவு கடுமை அதற்குத் தேவையில்லை, வெறும் பெயர் மட்டும் போதுவதுமில்லை. உடலும் கழுத்தும் பூச்சும் தாங்கிவந்த தழும்புகள் காக்கப்பட்டு, ஒவ்வொரு மாற்றமும் முந்தையதோடு அறாத தொடர்பில் நிகழ்ந்து, அந்தத் தொடர்ச்சி மறைக்கப்படாமல் சொல்லப்பட்டால் பொருள் தொடர்கிறது. காலப்பொருத்தமான பாகம் அந்தத் தொடர்ச்சிக்குத் துணை செய்யும்போது நன்று. அதற்கு ஈடாக நிறுத்தப்படும்போது, அது எவ்வளவு பழையதானாலும் அந்தக் கருவிக்கு அந்நியமே.